தலையெழுத்தும் ரத்தத்தின் எழுத்தும்

சென்ற வாரத் தபாலில் வந்த கடிதங்களில் ஒன்று நம்மை வெகு நேரம் சிந்திக்க வைத்துவிட்டது. எழுதியவர் ஒரு குடும்பஸ்தர். தம்மைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம் தமையனாரைப் பற்றியே கேட்டிருக்கிறார். தமையனாருக்கு 'ஹெபடைடிஸ் ஸி' என்னும் ஈரல் நோய் இருப்பது 2011-ம் வருஷத்தில் தெரிய வந்ததாம். பணத்தைப் பாராமல் வாரம் ஓர் ஊசி வீதம் மூன்று மாதம் போட்டார்களாம். ஜுரமும் நடுக்கமும் தலைமயிர் உதிர்தலும் மனச் சோர்வும் கண்டதுதான் மிச்சம். பிறகு ரத்தத்தில் ஏதோ ஒரு பரம்பரைக் குறியைச் சோதித்துப் பார்த்த வைத்தியர், "உங்கள் உடம்பு வாகு இந்த மருந்துக்கு ஏற்றதல்ல, இதோடு நிறுத்திக் கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்று முதல் அந்த மனிதர் எந்த ஆஸ்பத்திரி வாசற்படியையும் மிதித்ததில்லை. "என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுத் தமக்கென்று ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் தனியே எடுத்து வைத்துக் கொண்டு, இத்தனை வருஷமும் காலம் தள்ளி வருகிறாராம். "அந்தக் குறி இன்னும் செல்லுமா? அது ஆயுள் தண்டனைதானா?" என்பது அன்பரின் கேள்வி.

அன்பருக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் மட்டும் இந்த நோயுடன் சுமார் 55 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் இந்தத் தமையனாரைப் போன்றவர்கள் எத்தனை பேரோ! ஆகையால் விஷயத்தை இங்கேயே விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

காமாலை என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கண் மஞ்சள் பூக்கும். சோற்றைக் கண்டால் குமட்டும். பாட்டிமார் கீழாநெல்லியைப் பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். சில வாரங்களில் சரியாகிவிடும். அப்படிச் சரியாவது பெரும்பாலும் அசுத்தமான நீரினாலும் உணவினாலும் பரவும் வேறு வகைக் காமாலை. அது மருந்தில்லாமலே தணியக் கூடியது. 'ஸி' வகையின் குணம் வேறு. இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது. சுத்தம் செய்யாத ஊசி, சோதிக்காமல் ஏற்றிய ரத்தம், பச்சை குத்தும் முனை இவைகளே இதன் வாகனங்கள். வந்த புதிதில் அநேகமாக ஒரு அறிகுறியும் காட்டாது. நூற்றுக்கு முப்பது பேர் அளவில் ஆறு மாதத்துக்குள் தம் உடலின் சொந்த பலத்தினாலேயே இதை விரட்டிவிடுகிறார்கள். மற்ற எழுபது பேரிடம் இது நிலையாகக் குடியேறிவிடுகிறது. இருபது வருஷத்தில் அவர்களில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பது பேருக்கு ஈரல் வடுவேறிச் சுருங்கிப் போகிறது. சிலருக்கு அதில் புற்றும் வைக்கிறது.

விரட்டிய முப்பது பேரிடம் இருந்தது என்ன, எழுபது பேரிடம் இல்லாதது என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் அன்பர் குறிப்பிடும் 'குறி'யின் கதை ஆரம்பமாகிறது.

முதலில் பகைவனுக்குப் பெயரே இல்லை. ரத்தம் ஏற்றிக் கொண்டவர்களுக்குக் காமாலை வருவதை அமெரிக்க தேசியச் சுகாதார நிலையங்களில் ஆராய்ந்து வந்த ஹார்வி ஆல்ட்டரும் அவருடைய சகாக்களும், அது 'ஏ' வகையும் அல்ல, 'பி' வகையும் அல்ல என்று 1975-ல் வெளியிட்டார்கள். "அதுவும் அல்ல, இதுவும் அல்ல" என்பதே பல வருஷங்களுக்கு அதன் பெயராக இருந்தது. 1989-ல்தான் கலிபோர்னியாவில் கைரான் கம்பெனியைச் சேர்ந்த மைக்கேல் ஹவுட்டன், க்வீ-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர், டேனியல் பிராட்லி என்பவருடன் சேர்ந்து அந்தக் கிருமியை அடையாளம் கண்டார்கள். கிருமி மட்டுமே நோயை உண்டாக்கப் போதும் என்று 1997-ல் நிரூபித்தவர் சார்லஸ் ரைஸ். ஆல்ட்டர், ஹவுட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபெல் பரிசு கிடைத்தது. ஹவுட்டனைப் பற்றி ஒரு சிறு சேதி: 2013-ல் கனடா தேசத்தில் கெய்ர்ட்னர் பரிசு அளிக்க முன்வந்தபோது, சூவையும் குவோவையும் சேர்க்கவில்லை என்று சொல்லி அதை அவர் மறுத்துவிட்டார். இத்தகைய மனிதர்களும் விஞ்ஞான உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

பெயர் தெரியாத பகைவன் மீதே அம்பு விட்டுப் பார்த்தவர் ஜே ஹூஃப்னேகிள் என்ற வைத்தியர். 1986-ல் பத்தே நோயாளிகளுக்கு அவர் இன்டர்பெரான் என்னும் பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சிலருக்கு ஈரல் வீக்கம் தணிந்தது. இன்டர்பெரான் என்பது புறத்திலிருந்து வந்த விஷ மருந்து அல்ல. கிருமி புகுந்த அணு தன் அக்கம்பக்கத்து அணுக்களை எச்சரிப்பதற்காகத் தானே சுரக்கும் பொருள். லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் 1957-ல் கண்டுபிடித்தது. ஊரில் திருடன் புகுந்தால் முதல் வீட்டுக்காரர் கூச்சல் போட்டு மற்ற வீட்டுக்காரர்களைக் கதவடைக்கச் சொல்வதில்லையா? அந்தக் கூச்சல்தான் இன்டர்பெரான். அதை வெளியிலிருந்து இன்னும் பலமாகப் போட்டால் ஊர் விழித்துக் கொள்ளும் என்பது யுக்தி.

யுக்தி நல்லதுதான். பலன்தான் போதவில்லை. இன்டர்பெரானை மட்டும் ஆறு மாதம் கொடுத்தபோது பத்தில் ஒருவர் அளவுக்கே நிலையான குணம் கண்டது. 1998-ல் ரிபாவிரின் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்னும்படி ஊசியையே திருத்தி அமைத்தார்கள். நம் நாட்டில் மிகுதியாகக் காணும் மூன்றாம் இனக் கிருமிக்கு ஆறு மாதச் சிகிச்சையில் பத்தில் ஏழெட்டுப் பேர் வரை பிழைத்தார்கள். முதல் இனத்துக்கு ஒரு வருஷம் முழுவதும் போட்டும் பாதிப் பேர் தேறுவதே அரிதாயிருந்தது. அந்த ஒரு வருஷம் என்பது லேசான வருஷமா? வாராவாரம் ஜுரம், ரத்தம் வற்றுதல், சிலருக்கு உயிரையே வெறுக்கும்படியான மனச் சோர்வு. இவ்வளவையும் அனுபவித்துக் கடைசியில் "பயனில்லை" என்று கேட்பதைவிட, முன்கூட்டியே யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று தெரிந்துகொள்ள ஒரு குறி அகப்படாதா என்று வைத்தியர்கள் ஏங்கியதில் ஆச்சரியமில்லை.

குறி அகப்பட்டது. 2009-ல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் மூன்று கூட்டத்தார் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மனிதனுடைய பரம்பரை ஏட்டில் பத்தொன்பதாவது சுவடியில், ஒருவகை இன்டர்பெரானுக்குரிய அணுக்கூற்றின் அருகே, ஒரே ஓர் எழுத்து. சிலருக்கு அது 'ஸி', சிலருக்கு 'டி'. தாய் வழியிலும் தந்தை வழியிலும் 'ஸி' எழுத்தே வாய்த்தவர்களுக்குச் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. மருந்தில்லாமலே நோயை விரட்டும் பாக்கியமும் அவர்களுக்கே அதிகம் என்று அதே வருஷத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் நீக்ரோ வம்சத்தாருக்கு இந்த மருந்து ஏன் குறைவாகப் பலிக்கிறது என்பதற்கு அதுவரை எத்தனையோ காரணம் சொல்லி வந்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவர்கள் மேலேயே பழி போட்டவர்களும் உண்டு. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதியை இந்த ஓர் எழுத்தே விளக்கிவிட்டது.

இதைவிட விந்தையான இன்னொரு குறி ஈரலிலேயே இருந்தது. மருந்து பலிக்காதவர்களின் ஈரலைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துச் சோதித்தால், எதிர்ப்பு ஏற்பாடுகள் தூங்கிக் கொண்டிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நேர்மாறாக, அங்கே எல்லாம் தடபுடலாக நடந்து கொண்டிருந்தது! இன்டர்பெரானின் கட்டளைக்கு எழுந்திருக்க வேண்டிய அணுக்கூறுகள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தன. வெள்ளை அணுக்களை ஈரலுக்கு அழைக்கும் ஐ.பி.-10 என்ற புரதமும் அவர்களுடைய ரத்தத்தில் மிகுந்திருந்தது. ஊரில் பத்து வருஷமாக இரவும் பகலும் தமுக்கு அடித்துக் கொண்டே இருந்தால், பதினோராவது வருஷத்தில் இன்னொரு தமுக்கை எடுத்து வந்து அடிப்பதனால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? 2013-ல் இந்தப் புதிருக்கு இன்னும் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பாதகமான எழுத்து உடையவர்களுக்கு ஒருவகை இன்டர்பெரானை அதிகப்படியாகச் செய்யும் சக்தி இருக்கிறதாம். சாதகமான எழுத்துக்காரர்களிடம் அந்தச் சக்தி பழுதுபட்டுக் கிடக்கிறதாம். இருப்பவனுக்குத் தோல்வி, இல்லாதவனுக்கு வெற்றி! கிருமியை நேரில் கொல்ல வேண்டிய வெள்ளை அணுக்களும் ஓயாத போரினால் களைத்து, 'போதும்' என்னும் சின்னத்தை உடம்பில் தரித்துக் கொண்டு நிற்பதையும் நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள்.

அன்பருடைய தமையனாருக்குச் சோதித்த குறி அநேகமாக அந்த ஓர் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். அன்றைய வைத்தியர் ஊசியை நிறுத்தியது பிசகு என்று நாம் சொல்ல மாட்டோம். மூன்று மாதத்தில் கிருமியின் தொகை போதிய அளவு குறையாவிட்டால் மேற்கொண்டு வதைக்க வேண்டாம் என்பதே அன்றைய வைத்திய விதி. ஆனால் ஒன்றை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார், அல்லது சொன்னது நோயாளியின் காதில் ஏறவில்லை. அந்த எழுத்து 'இந்த மருந்து' பலிக்குமா என்பதைப் பற்றித்தான் பேசியது. 'இந்த மனிதர்' பிழைப்பாரா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவும் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. நல்ல எழுத்து வாய்த்தும் குணமாகாதவர்கள் உண்டு; கெட்ட எழுத்தோடு குணமானவர்களும் உண்டு. ரத்தத்தின் எழுத்தைத் தலையெழுத்து என்று படித்துவிட்டதுதான் பிழை. ஜாதகம் பார்த்துப் பழகிய நமக்கு அது சுலபமாக வருகிற பிழை.

இப்போது அந்த ஏட்டையே மூடி வைக்கும்படியான காலம் வந்துவிட்டது. 2013 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் சோபாஸ்புவிர் என்ற மாத்திரையை அனுமதித்தது. இது ஊரை எழுப்பும் மருந்து அல்ல. திருடனின் கையையே கட்டும் மருந்து. ஸி கிருமியின் ஜாதகம் சுமார் 9,600 எழுத்துக்கள் கொண்ட ஒரே சரம். கிருமி பெருகும்போது அந்தச் சரத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தொடுத்துப் பிரதி எடுக்கிறது. பூத்தொடுப்பவளிடம் காம்பில்லாத பூ ஒன்றைக் கலந்து கொடுத்துவிட்டால் அதற்கு மேல் சரம் எப்படி நீளும்? சோபாஸ்புவிர் அத்தகைய காம்பில்லாப் பூ. கிருமி ஏமாந்து அதை எடுத்துத் தொடுக்கிறது. சரம் அங்கேயே நின்று போகிறது. இதோடு டக்ளடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் என்னும் துணை மாத்திரையும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் பூரண குணம். ஊசி இல்லை; ஜுரம் இல்லை. நோயாளியின் பரம்பரை எழுத்து 'ஸி'யா, 'டி'யா என்று கேட்பாரும் இல்லை. அந்தச் சோதனை வைத்தியர்களிடையே கிட்டத்தட்டச் செல்லாக் காசாகிவிட்டது.

ஆனால் ரத்தத்தின் எழுத்து போன இடத்தில் உடனே வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்தது. அது ரொக்கத்தின் எழுத்து. கிலியட் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு மாத்திரைக்கு ஆயிரம் டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தது. மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியை விலைக்கு வாங்கவே சுமார் 1,100 கோடி டாலர் செலவாயிற்று என்பதும், ஈரல் மாற்றும் சிகிச்சையைவிட இது மலிவு என்பதும் அதன் தரப்பு வாதம். இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு வார மருந்தைப் பெருவாரியாகச் செய்தால் அடக்க விலை 68 முதல் 136 டாலருக்குள் இருக்கலாம் என்று லிவர்பூல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய கூட்டத்தாரும் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உலகமே திகைத்தது.

இந்த இடத்தில் நம் தேசம் செய்த காரியத்தைச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் பெருமிதம் உண்டாவதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மருந்துப் பொருளுக்கே உரிமைப் பட்டயம் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்ற 1970-ம் வருஷத்துச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது நமது மருந்துத் தொழில். 2005-ல் அந்தச் சட்டம் மாறிய பிறகும் தொழிலும் திறமையும் போய்விடவில்லை. 2014 செப்டம்பரில் கிலியட் கம்பெனியே ஏழு இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்து, 91 தேசங்களுக்கு மருந்து செய்து விற்க இடம் தந்தது. 2015 ஜனவரியில் நமது உரிமைப் பட்டய அலுவலகம் இந்த மருந்து சம்பந்தமான ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தது; மறு வருஷம் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படியோ, 2015-லிருந்து நம்மவர் செய்த மாத்திரை கடைக்கு வந்து, போட்டியில் விலை சரிந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலிருந்து நோயாளி ஒருவர் அந்த வருஷம் நமது சென்னைக்கே புறப்பட்டு வந்து மருந்து வாங்கிக் குணமடைந்து, மற்ற தேசத்து நோயாளிகளுக்கும் வழி காட்டினார். கடல் கடந்து போய் வைத்தியம் பார்த்துக் கொள்வது நம் நாட்டுச் சீமான்களின் வழக்கம் என்று கேட்டிருக்கிறோம். இது எதிர்த்திசைப் பிரயாணம்.

பஞ்சாபில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. அங்கே கிராமங்களில் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதனால் இந்த நோய் வேரூன்றியிருந்தது. 2016 ஜூனில் மாகாண சர்க்கார் இலவச சிகிச்சையை ஆரம்பித்தது. சண்டிகர் வைத்திய நிலையத்தின் நிபுணர்கள் ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இருபத்தைந்து இடங்களில், ஏறக்குறைய இருபது மாதங்களில், 48,000 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள்; பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாயிற்று. பரம்பரை எழுத்தைப் பார்க்கவில்லை. ஈரல் சுருங்கியவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்குக் கிருமி எந்த இனம் என்று கூடப் பார்க்கவில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் நாலைந்து எண்களைக் கொண்டு ஈரல் சுருங்கிவிட்டதா இல்லையா என்று கணித்தார்கள். அவ்வளவுதான் பார்த்த குறி. 2018 ஜூலை 28-ல் இதே வசதியை மத்திய சர்க்கார் தேசம் முழுவதற்கும் விரித்தது.

எகிப்து தேசத்தின் கதை இதற்கு அண்ணன். நைல் நதிக் கால்வாய்களில் ஒருவகைப் புழுவினால் வரும் நோயை ஒழிப்பதற்காக, 1950-க்குப் பின் பல வருஷங்கள் அந்நாட்டு சர்க்கார் கிராமம் கிராமமாக ஊசி போட்டது. நல்லெண்ணத்தோடு போட்ட அந்த ஊசிகளைச் சரியாகக் கொதிக்க வைக்காததனால் ஸி கிருமி தேசமெங்கும் பரவிவிட்டது. தான் செய்த பிழைக்குத் தானே பிராயச்சித்தம் செய்வது போல், 2018 அக்டோபருக்கும் 2019 ஏப்ரலுக்கும் இடையில் சுமார் ஐந்து கோடி ஜனங்களின் ரத்தத்தை அந்தத் தேசம் சோதித்தது. நோய் கண்டவர்களுக்கு உள்நாட்டிலேயே செய்த மருந்தை இலவசமாகக் கொடுத்தது. ஐந்து கோடி! தேர்தலுக்குக் கூட அவ்வளவு பேரை வாசற்படிக்கு இழுப்பது கஷ்டம்.

இனி அன்பருக்கு நமது பதில். தமையனாரைக் கூடிய சீக்கிரம் ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய ஊசி பலிக்காதவர்களுக்கும் புதிய மாத்திரை பலிக்கிறது. கிருமி ரத்தத்தில் இப்போது இருக்கிறதா என்று நேராகப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்து கொள்ளுங்கள். 'எதிர்ப்புப் பொருள் இருக்கிறது' என்னும் சோதனை மட்டும் போதாது, ஏனெனில் குணமான பிறகும் அது ஆயுள் முழுவதும் இருப்பதாகவே காட்டும். 'பி' வகைக் கிருமியும் உடன் இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். ஸி ஒழியும்போது அது தலைதூக்கக் கூடும். இத்தனை வருஷத்தில் ஈரல் சுருங்கியிருக்குமானால், கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் எடுத்துப் புற்று இல்லை என்று உறுதி செய்து கொண்டே வர வேண்டும். மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்தும் கிருமி தென்படாவிட்டால் அதுவே பூரண குணம். ஆனால் களைத்துப் போன வெள்ளை அணுக்கள் கிருமி ஒழிந்த பிறகும் பழைய வடுவோடுதான் இருக்கின்றன என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இந்த நோய்க்கு அம்மைப்பால் போன்ற தடுப்பு மருந்தும் கிடையாது. ஆகவே அசுத்தமான ஊசி பட்டால் மறுபடியும் வரும்.

கீழாநெல்லியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் டாக்டர் தியாகராஜனும் அவருடைய சகாக்களும் அதை 'பி' வகை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதியது உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது உண்மை. பிற்பாடு வேறிடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஸி கிருமியை அது ஒழித்ததாக நிரூபணம் கிடையாது. மோரில் கலந்து குடிப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

தட்டு, டம்ளர் விஷயம் ஒன்று பாக்கி. இந்த நோய் எச்சிலினாலோ, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதனாலோ, குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவதனாலோ பரவாது. சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் மட்டும் அவர் தனியே வைத்துக் கொள்ளட்டும். அந்தத் தட்டையும் டம்ளரையும், மருந்து வரும் வரையில் கூடக் காத்திராமல், உங்கள் அண்ணியார் இன்று ராத்திரியே மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிடலாம்.